மீன்களுக்கு ருசித்த கோபம்

மாமனார் கோபித்துக்கொண்டு கரையோரச் சாலையில் நடந்தால் ஆற்று மீன்கள் தண்ணீரை விட்டு எழுந்து அவருக்குப் பின்னால் காற்றில் நீந்தி வந்தன. முதலில் சனங்கள் நின்று பார்த்தார்கள். பிறகு குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள், ஏனென்றால் மீன்கள் சொட்டின. அதற்குப் பிறகு வெங்காய விலை ஏறியதால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. மீன்கள் காற்றில் எப்படி மூச்சு விட்டன என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவை வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தால் அவற்றுக்கு ஒரு சிரமமும் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதற்குக் கிடைத்த பதில்.

இதெல்லாம் மாப்பிள்ளையின் உத்தியோகத்தில் தொடங்கியது. அவர் ஆற்றங்கரை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். நிலையம் இருந்த கட்டடம் முன்பு சோப்புக் கிடங்காக இருந்தது. ஈரமான நாட்களில் அதன் சுவர்கள் இன்னும் நுரைத்தன, ஊழியர்கள் போகிற போக்கில் கை கழுவிக்கொண்டார்கள். நீரில் வாழும் உயிர்கள் வாசனையையும் ருசியையும் எப்படி அறிகின்றன, எந்த ரசாயனம் பட்டால் இரைக்கு வாய் திறக்கின்றன, எது பட்டால் துப்பிவிடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தொட்டியில் ஒரு சொட்டு விடுவார், மீன்கள் எத்தனை முறை வாய் திறக்கின்றன என்று எண்ணுவார். எண்ணும்போது அவரையும் அறியாமல் அவர் வாயும் கூடவே திறந்து மூடும். அதனால் ஊருக்கு அவர் 'மீன்வாய்'. கெளுத்தி மீனுக்கு மீசை, வயிறு, வால் என்று உடம்பெல்லாம் நாக்கு என்பதை அவர் எல்லோரிடமும் சொல்வார். பிடிக்காத சாப்பாட்டை வாலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையைக்கூடத் திருப்பாமல் போய்விடும் வசதி மனிதனுக்கு இல்லாமல் போனதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது.

அவர் மனைவி பல் டாக்டர். கடைவாய்ப் பல் வலித்து அவர் முதன்முதலில் அவளிடம் போனபோது, "கொஞ்சம் திறங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாய் அத்தனை இலகுவாக, அத்தனை அகலமாகத் திறந்ததைப் பார்த்து அவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள். நாள் முழுக்க மல்லுக்கட்டி மனிதர்களின் வாயைத் திறக்கவைப்பவளுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பது தெரியும். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே கல்யாணம் முடிவாகிவிட்டது.

அவளுடைய அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இருந்த தராசுகளுக்கெல்லாம் முத்திரை வைத்தவர். அவர் தெருவில் வருவது தெரிந்தால் கடைக்காரர்களின் கட்டைவிரல் தட்டிலிருந்து தானாக விலகிக்கொள்ளும். கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. பெண் கேட்டு வந்தவரிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மீனுக்கு எது ருசிக்குதுன்னு பாக்கறேங்க."

மாமனார் மகள் பக்கம் திரும்பினார். "அதை மீன் பாத்துக்காதான்னு கேளு" என்றார்.

அன்று திரும்பிய முகம் திரும்பியதுதான். கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. மாமனார் வந்திருந்தார், ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சில காலம் கழித்து தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டு மாடியறைக்கே குடிவந்த பிறகும் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். ஒரு தடவை இருவர் மட்டும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் சட்டைக் கை சூப்பில் விழுந்துவிட்டது. மாமனார் அதைப் பார்த்தார். மகள் மருத்துவமனையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து, "உன் வீட்டுக்காரர் கை சூப்புல கிடக்குதுன்னு சொல்லு" என்றார். அதற்குள் சட்டைக் கை காய்ந்து தகடாகியிருந்தது. அவள் முகம் சுளிக்காமல் திரும்பி, "அப்பா உங்க கை சூப்புல கிடக்குதுன்னு சொல்றாரு" என்றாள். தூக்கத்தில்கூட அவள் அவ்வப்போது "அவர் என்ன சொல்றார்னா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிடுவாள். ஆண்டுகள் இப்படியே போயின. யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளைத் தவிர. அவளும் சொல்லவில்லை.

நிலையத்தின் பெரிய தொட்டியில் இருந்த கெளுத்திக்குப் பெரியம்மா என்று பெயர். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் வைத்தது. தன்னுடைய சொந்தப் பெரியம்மாவுக்கும் அதே மாதிரி மீசை என்று அவர் காரணம் சொன்னார். ஒரு கோடையில் பெரியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அதைப் பார்த்து மற்ற தொட்டிகளிலும் மீன்கள் வாயை இறுக மூடிக்கொண்டன. மாப்பிள்ளை புழு ஊறிய நீர், இறால் தலை, பாலாடைக்கட்டி, ஈஸ்ட், பழைய தோல் பெல்ட்டை வேகவைத்த சாறு என்று தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். பெரியம்மா வாலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விட்டது. அதன் வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளைக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நிலையத்தின் இயக்குநர் ஒரு நாள் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிகளைச் சுற்றி வந்தார்.

"மழைக்காலத்துக்குள்ள இதுங்க வாயத் திறக்கலேன்னா தொட்டியையெல்லாம் எடுத்து வாசல்ல அழகுக்கு வெச்சுடலாம்னு இருக்கேன். பிளாஸ்டிக் மீன் விடலாம். தீனியும் வேணாம், ஆராய்ச்சியும் வேணாம்."

அந்த வாரம்தான் மாமனார் முதன்முதலாக நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தார். மகளுக்கு அவசரமாக ஒரு பல் வைத்தியம் வந்துவிட்டதால் வீட்டுச் சாவியை அவர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமனார் சாவியைத் தொட்டி ஊழியரிடம் நீட்டி, "இங்க மீன்வாய்னு ஒருத்தர் இருக்காராம், வந்தா குடுத்துடுங்க" என்றார். திரும்பிப் போகப் போனவரின் கண்ணில் பெரியம்மாவின் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தராசு பட்டது. அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த காலுக்கு அடியில் ஒரு பிஸ்கட்டை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

மாமனாரின் காது மடல்கள் சிவந்தன. "தராசுக்கு பிஸ்கட்டு" என்றார் கூரையைப் பார்த்து. "இதுக்குப் பேரு விஞ்ஞானம்." அவர் குனிந்து தராசை நிமிர்த்தும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை உருண்டு தொட்டிக்குள் விழுந்தது.

பெரியம்மாவின் மீசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் விறைத்தன. அது மூலையை விட்டு வந்தது, மேலே எழுந்தது, வாயைத் திறந்தது. காலையிலிருந்து மிதந்துகொண்டிருந்த தீனி முழுவதையும் விழுங்கியது. அடுத்து வெப்பமானியின் ரப்பர் மூடியை விழுங்கியது. அப்புறம் எட்டி மாமனாரின் சட்டைக் கைப் பொத்தானைக் கவ்விக்கொண்டு போனது. பக்கத்துத் தொட்டிகளில் எல்லா வாய்களும் திறந்தன. ஒரு மண்டபமே கை தட்டுவது போல அந்த அறையில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் வாயும் திறந்தது. அன்று அவர் எண்ண மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் எத்தனையோ சேதிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். இந்த ஒன்றுக்கு மட்டும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, அவருக்கு உங்க வேர்வை கொஞ்சம் வேணுமாம்."

மாமனார் செய்தித்தாளை இறக்கவில்லை. "எவ்வளவுன்னு கேளு."

"பத்து மில்லி."

"சரியா அளப்பாரான்னு கேளு."

மறுநாளே வேலை ஆரம்பித்தது. மாமனார் தினமும் காலையில் நிலையத்துக்கு வந்து, தராசுகளை நேராக்கி, இது தேறாது, அது தேறாது என்று கூரையிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் கை கழுவினார். அந்தத் தண்ணீரை மாப்பிள்ளை பிரித்துப் பிரித்துப் பார்த்தார். சோப்பு இல்லை, தலை எண்ணெய் இல்லை, மூக்குப்பொடியும் இல்லை. ஒரு காலை மகள் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கையைக் கேட்டு மாமனார் சிரித்துக்கொண்டே வந்தார். அன்றைய தண்ணீரைப் பெரியம்மா வாலால்கூடத் தொடவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது. மீன்களுக்கு ருசித்தது கோபம். அதிலும் எல்லாக் கோபமும் இல்லை. பேருந்து ஓட்டுநர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு மீனும் அசையவில்லை. அரசாங்கத்தின் மேல் வந்த கோபத்துக்குச் சின்ன மீன்கள் மட்டும் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தன. மாப்பிள்ளை மேல் வந்த கோபத்துக்குத்தான் தொட்டியே கொந்தளித்தது.

அவர் இதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்வு இதழுக்கு அனுப்பினார். வேறு மாமனார்களிடமும் சோதித்துப் பார்த்தீர்களா என்று அங்கிருந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொட்டி ஊழியரின் மாமனாரை வரவழைத்தார்கள். அவர் மருமகன் மேல் உயிரையே வைத்திருந்தார், பலனில்லை. இயக்குநரின் மாமனாரை வரவழைத்தார்கள். அவர் கோபத்தில் கிண்ணத்தையே உடைத்தார், ஆனால் மீன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இயக்குநர் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கட்டுரை வெளியானது. பிளாஸ்டிக் மீன் பேச்சு அத்தோடு அடங்கியது.

வெளியான கட்டுரையை மாமனார் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'மூலப்பொருள்: முதிர்ந்த ஆண் ஒன்று, நல்ல நிலையில்' என்று அச்சாகியிருந்தது. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கரையோரச் சாலையில் அவர் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஆறு சலசலத்தது. முதலில் கெண்டைகள், பின்னால் விராலும் விலாங்கும், கடைசியாகப் பெயர் தெரியாத பொடிகள் என்று மீன்கள் தண்ணீரிலிருந்து எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. நிலையத்து ஜன்னல் வழியாகப் பெரியம்மாவும் வெளியேறி, வழிவிடச் சொல்லி மற்றவற்றை இடித்துக்கொண்டு, முன்வரிசையில் சேர்ந்துகொண்டது. மாமனார் திரும்பிப் பார்த்தார். "என்ன?" என்று கேட்டார். அவை வாயைத் திறந்தன. அவர் மேற்கொண்டு நடந்தார்.

அதன் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. காலையில் மாமனார் கோபத்தோடு நிலையத்துக்குப் போவார், மாலையில் கோபத்தோடு திரும்புவார், மீன்கள் கூடவே போய்க் கூடவே வந்து, ஆறு இருக்கும் இடத்தில் ஆற்றிலும் தொட்டி இருக்கும் இடத்தில் தொட்டியிலும் இறங்கிக்கொள்ளும். பூனைகள் ஆரம்பத்தில் தலைகால் புரியாமல் ஓடின. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததும் விட்டுவிட்டன. மீன் பிடிக்கிறவர்கள் சாலையின் குறுக்கே துணிக்கொடி போல வலை கட்டி, மாமனாரை அந்தப் பக்கமாக ஒரு நடை வரச் சொல்லிக் கெஞ்சினார்கள். மாமனார் வலையைக் கைத்தடியால் விலக்கிவிட்டு, "என்னை நம்பி வருதுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதைக் கேட்ட மாப்பிள்ளை அன்றைக்கு வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஒரே அறையில் ஆண்டுக்கணக்காக ஒரே தராசைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பிரியம் வந்துவிடும். மாமனாருக்கு முதுகு வலி வந்தபோது மாப்பிள்ளை நாற்காலியில் தலையணை வைத்தார். மாப்பிள்ளையின் இரண்டாவது கட்டுரை திரும்பி வந்தபோது மாமனார் கூரையைப் பார்த்து, திருப்பி அனுப்பியவர்களுக்கு அளவு தெரியாது என்றார். ஒரு நாள் நடுப்பகலில், கடைத்தெருவில், சனங்கள் நெருக்கியடிக்கும் நேரத்தில், மீன் கூட்டம் மூன்றாம் மாடி உயரத்தில் பின்தொடர இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மாமனார் சட்டென்று நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, சாப்டீங்களா?" என்றார்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் இல்ல மாமா" என்றார்.

மேலே மீன்களின் வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. அவற்றின் உயரம் குறையத் தொடங்கியது. கெண்டைகள் மாடிக் கைப்பிடிகளில் இடித்துக்கொண்டன. ஒரு விலாங்கு தந்திக் கம்பியில் துண்டு மாதிரித் தொங்கியது. பெரியம்மா ரொட்டிக் கடையின் தகரக் கூரைமேல் பொத்தென்று உட்கார்ந்து, வெயிலில் காய்ந்த மீசையை மெல்ல அசைத்தது. ஆறு அங்கிருந்து வெகுதூரம்.

"மாமா, கோவப்படுங்க" என்றார் மாப்பிள்ளை.

"வரமாட்டேங்குதே மாப்பிள்ளை."

"ஆயிரம் கிராம்னா என்ன, தொள்ளாயிரத்து அம்பது இருந்தாலும் கிலோதான?"

மாமனார் அன்போடு சிரித்தார். "விளையாடாதீங்க."

மாப்பிள்ளை தராசுக்கு மறுபடியும் பிஸ்கட் வைக்கப்போவதாகச் சொன்னார். அவருடைய தலைக்கேசத்தைப் பழித்தார். முதிர்ந்த ஆண் என்று இன்னொரு கட்டுரையிலும் எழுதுவேன் என்றார். மாமனார் பற்களைக் கடித்து, முஷ்டியை மடக்கி, மனசாரக் கோபப்பட முயன்றார். பாசம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. மீன்கள் கூரைகளிலும் காய்கறிக் கூடைகளிலும் இறங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அத்தனை மீனுக்கு எத்தனை வாளி காணும். மாமனார் கூரைக்கு அடியில் நின்று பெரியம்மாவைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். அவர் கண்களிலும் தண்ணீர் நின்றது. அது வெறும் தண்ணீர், அதில் ஒரு மீனுக்கும் ருசி தட்டவில்லை.

யாரோ ஓடிப்போய்ப் பல் டாக்டரிடம் சொன்னார்கள். அவள் கையில் இடுக்கியோடு வந்தாள். மரத்துப்போன வாயோடு, மூடத் தெரியாமல், நோயாளியும் பின்னால் வந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

மாமனார் பழக்கத்தில் மகள் பக்கம் திரும்பினார். "எனக்குக் கோவம் வரலேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"அது எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார் மாப்பிள்ளை.

அவள் ஒருவரைப் பார்த்தாள், மற்றவரைப் பார்த்தாள்.

"இப்பத்தான ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னாங்க?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்போ பேசத் தெரியும். இத்தனை வருஷம் வாய் இருந்தது, நாக்கு இருந்தது. சூப்புல கை விழுந்ததுக்கு நான் வரணும். ஜன்னல் சாத்தறதுக்கு நான் வரணும். ஊர்ல இருக்கறவன் வாயையெல்லாம் திறந்து பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் வாய். எனக்குன்னு ஒரு பேச்சு இருக்கான்னு யாராவது கேட்டீங்களா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அவள் காது மடல்கள் சிவந்திருந்தன. தகரக் கூரையில் பெரியம்மாவின் மீசைகள் விறைத்தன. தந்திக் கம்பியிலிருந்து விலாங்கு அவிழ்ந்தது. கூடைகளிலிருந்தும் வாளிகளிலிருந்தும் மீன்கள் எழுந்தன. அப்பா ஒரு நாளும் எழுப்பியிராத உயரத்துக்கு எழுந்தன. தெருக்கோடி மீன் கடையில் பனிக்கட்டிமேல் கிடந்தவைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. மீன் கடைக்காரர் அதைப் பற்றிப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அவரும் வீட்டில் அப்படி ஒரு சமயம் திட்டு வாங்கியிருந்தார்.

அவள் ஆற்றை நோக்கி நடந்தாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனாள். இத்தனை வருடமாகச் சேர்ந்திருந்தது பாலம்வரை போதுமானதாக இருந்தது. இன்னும் மிச்சமும் இருந்தது. தெருவை மூடிய மீன்களுக்குப் பின்னால் மாமனாரும் மாப்பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்களைப் போல வந்தார்கள். கரையில் அவள் நிறுத்தி, "போங்க" என்றாள். மீன்கள் இறங்கின. பெரியம்மா மட்டும் தொட்டிக்குத் திரும்பாமல் ஆற்றிலேயே இறங்கிவிட்டது. மாப்பிள்ளை தடுக்கவில்லை. நோயாளி வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். அவள் அங்கேயே, படித்துறையில் அவரை உட்காரவைத்து, பல்லைப் பிடுங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து மீன்கள் அவள் பின்னால்தான் போகின்றன. காலையில் அவளோடு மருத்துவமனைக்குப் போய், காத்திருப்போர் அறையில் நாற்காலிகளுக்கு மேலே மிதந்துகொண்டு இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளிகள் தாங்களே வாயைத் திறந்துகொள்வதால் வேலை சுலபமாயிற்று. மாமனாரும் மாப்பிள்ளையும் இப்போது விடிந்தது முதல் பேசுகிறார்கள். தராசு, வெப்பம், வெங்காயம் என்று ஓயாமல் பேசுகிறார்கள். காலையில் அவள் கிளம்புவதற்கு முன் மாப்பிள்ளை ஈரத் துண்டைப் படுக்கைமேல் போட்டுவைப்பார், மாமனார் காலி ஜாடியை மூடி அலமாரியில் திரும்ப வைப்பார். கேட்டால் ஆராய்ச்சிக்காக என்பார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்தே கோபப்பட்டுக்கொண்டு வாசலில் இறங்குவாள்.

சென்ற மாதம் ஒரு நாள் துண்டு கொடியிலேயே இருந்தது, ஜாடி நிரம்பியிருந்தது, இருவருக்கும் மறந்துபோயிருந்தது. மேசைமேல் அவளுக்குத் தேநீர் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவள் அதைக் குடித்துவிட்டு, மனதில் ஒரு கோபமும் இல்லாமல், கரையோரச் சாலையில் இறங்கி நடந்தாள். இரண்டு ஆண்களும் ஜன்னலில் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். ஆறு சலசலத்தது. மீன்கள் எழுந்து வந்தன, எப்போதும் வருகிற எண்ணிக்கையில், எப்போதும் வருகிற உயரத்தில்.

மாப்பிள்ளை கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். "ஒரு சொட்டு மட்டும், எதுக்கு வருதுங்கன்னு பாத்துடறேன்."

"வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே இறக்கினார். அவள் கடைத்தெரு வழியாகப் போனாள். மருத்துவமனைக் கதவைத் திறந்து, உள்ளே போகாமல், கடைசியில் தடுமாறி வந்துகொண்டிருந்த பொடி மீன் நுழைகிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.